ராஜண்ணனின் வலது கண்

கம்பைநல்லூர் கடைவீதியில் என் மருந்துக்கடைக்கும் ராஜப்பன் ஸ்டூடியோவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் நான் மாத்திரையை எடுத்து வைக்கலாம். அப்படியிருந்தும் ஸ்டூடியோக்காரர் ராஜண்ணன் ஐப்பசி முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ராஜண்ணன் ஐம்பதை நெருங்குகிறவர். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எல்லாப் போட்டோக்காரர்களும் எடுப்பதைத்தான் அவரும் எடுக்கிறார். ஆனால் பழைய லென்ஸ் என்றால் மனுஷனுக்குப் பைத்தியம். பிலிம் காலத்துக் கேமராக்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன, அவற்றின் கண்ணாடி மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறது என்பார். ஓசூரில் மூடிவிட்ட ஒரு ஸ்டூடியோவிலிருந்து ரஷ்ய லென்ஸ் ஒன்றை வாங்கிவந்தார். கையில் வாங்கினால் படிக்கல் மாதிரி கனக்கும். இன்றைய டிஜிட்டல் கேமராவில் அது நேராகப் பொருந்தாது, நடுவில் அடாப்டர் என்று ஒரு வளையம் வேண்டும். அதை ஆன்லைனில் வரவழைத்து, லென்ஸை அதில் மரை திருகி, கேமராவில் மாட்டி, பட்டனை அமுக்கினார். கேமரா அசையவில்லை. லென்ஸ் மாட்டப்படவில்லை என்று திரையில் எழுதிக் காட்டியது.

"இத்தாம் பெரிய லென்ஸ மாட்டி வெச்சிருக்கறேன், இல்லவே இல்லீங்குது பாரு கனி!" என்று என் கடைக்கு வந்து கேமராவைத் திட்டினார்.

பழைய லென்ஸுக்குள் மின்சாரம் ஏதும் ஓடாது, அதனால் கேமராவுக்கு அதை அடையாளம் தெரியாதாம். லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று மெனுவில் எங்கேயோ ஓர் அனுமதி கொடுக்க வேண்டுமாம். அந்த இடத்தைக் கண்டுபிடித்த அன்று கடைவீதிக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த லென்ஸில் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. வியூஃபைண்டர் துளையில் வலது கண்ணை வைத்து, இடது கையால் வளையத்தைத் திருப்பி, முகம் தெளிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். தெளிந்த இடங்களைக் கேமராவே சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் வசதி இருக்கிறதாம். கல்யாணத்தில் பட்டும் குங்குமமும் சிவப்பு, அதில் கோட்டை எங்கே தேடுவது என்று அதை அணைத்துவிட்டார். கண்ணை மட்டுமே நம்பினார்.

எல்லாக் கல்யாணத்திலும் அந்த லென்ஸை ஒரே ஒரு தடவைதான் வெளியே எடுப்பார். தாலி கட்டும்போது மொத்த மண்டபமும் மணமக்களைப் பார்க்கும். இவர் திரும்பிப் பெண்ணின் அம்மாவை எடுப்பார். பின்னால் இருக்கிற சீரியல் விளக்கெல்லாம் உருண்டை உருண்டையாகச் சுழன்று நிற்க, நடுவில் அந்த அம்மாவின் கண் மட்டும் அத்தனை தெளிவாக இருக்கும். ஆல்பத்தில் மாப்பிள்ளை வீட்டார்கூட அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்றுதான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள். அந்த ஒரு படத்துக்காகவே அரூர் தாண்டியும் அவரைக் கூப்பிட்டார்கள்.

இந்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கடைவீதியில் அன்றைக்கு எதையும் விட்டுவைக்க மாட்டோம். பில் போடும் கம்ப்யூட்டருக்கு நானே பொட்டு வைக்கிறவள். ராஜண்ணன் வீட்டில் அந்த வேலை நிர்மலாதேவி அண்ணியுடையது. கேமரா, லென்ஸ், விளக்கு, ஆல்பம் வெட்டும் கத்தரி வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டார். மறுநாள் எல்லாவற்றையும் ஈரத்துணியால் பளபளவென்று துடைத்துப் பையில் அடுக்கிக் கொடுத்தார். அண்ணி துடைத்தால் அப்படி இப்படித் துடைக்க மாட்டார்.

ஐப்பசி முகூர்த்தங்கள் தொடங்கின. கார்த்திகை பிறந்ததும் புளி வியாபாரம் செய்கிற கோவிந்தம்மாள் என் கடைக்கு வந்து குமுறினார்.

"உங்க பக்கத்துக் கடைக்காரருக்கு என்னா வந்துச்சு? தையில எம்பொண்ணு கல்யாணம். அந்த அம்மா போட்டோ எனக்கும் வேணும்னு ஆசையா வந்து கேட்டா, டேட் இல்லீங்கறாரு. அன்னிக்குச் சும்மாத்தான் இருக்கறாருன்னு அவரு சம்சாரமே சொல்லுது!"

எனக்கு என்னவோ போல் இருந்தது. அன்று மத்தியானம் வெளியே எட்டிப் பார்த்தால், ராஜண்ணன் ஸ்டூடியோ வாசலில் நின்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்க்கடை போர்டைப் படித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கையில் இருந்த பத்திரிகையைப் பக்கத்தில் கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார், மறுபடியும் பக்கத்தில் கொண்டுவந்தார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரை கொடுப்பதே நான்தான். சர்க்கரை முற்றினால் கண்ணில் கைவைக்கும் என்று எனக்குத் தெரியாதா?

நேரே போய் நின்றேன். "கண்ணுக்கு என்னாங்கண்ணா?"

"ஒண்ணுமில்ல, தூசி."

"தூசிக்கு யாராச்சும் டேட் இல்லைன்னு சொல்லுவாங்களா?"

மனுஷன் அதற்கு மேல் மறைக்கவில்லை. வியூஃபைண்டருக்குள் எல்லாமே மசமசவென்று தெரிகிறதாம், உள்ளே வருகிற எழுத்துகூடக் கலங்குகிறதாம். பழைய லென்ஸில் எடுத்த அம்மாக்கள் எல்லோரும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் தெளிவில்லாமல் இருந்தார்களாம். ஆட்டோ லென்ஸ் மாட்டினால் மட்டும் படம் கச்சிதமாக வருகிறதாம்.

"கேமரா பாத்தா சரியா வருது, நான் பாத்தாத்தான் தப்பா வருது. அப்புறம் இதுல என்னா சந்தேகம் இருக்குது? எங்கப்பனுக்கும் சக்கரதான். இப்புடித்தான் வலது கண்ணுல ஆரம்பிச்சுது. கடைசில எங்கம்மா கையப் புடிச்சுக்கிட்டுத்தான் வயக்காட்டுக்கே போனாரு."

மேசையில் ஒரு பார்சல் இருந்தது. பெங்களூரில் ஒருவருக்கு அந்த ரஷ்ய லென்ஸை விற்றுவிட்டாராம். மறுநாள் கூரியர்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"சொல்லாத கனி. அவ தாங்க மாட்டா."

எனக்கு வந்த கோபத்தில் பார்சலைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்தேன். மறுநாள் காரிமங்கலத்தில் இலவசக் கண் முகாம் என்று என் கடையிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆல்பம் வாங்கப் போவதாக அண்ணியிடம் சொல்லிவிட்டு அவரும், சரக்கு எடுக்கப் போவதாக என் வீட்டில் சொல்லிவிட்டு நானும் பஸ் ஏறினோம். வழி நெடுக உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

முகாமில் கண்ணுக்கு மருந்து விட்டு நெடுநேரம் மூடி உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு டாக்டரம்மா விளக்கடித்து இரண்டு கண்ணையும் மேலே கீழே பார்க்கச் சொல்லிச் சோதித்தார்.

"நரம்பெல்லாம் நல்லா இருக்குங்க. சர்க்கரை இன்னும் கண்ணுக்கு வரலை. வயசுக்கு ஏத்த மாதிரி படிக்கறதுக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கங்க. வருஷா வருஷம் வந்து காட்டிடுங்க."

எனக்கு அங்கேயே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ராஜண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப கேமராவுல ஏனுங்க தெரிய மாட்டீங்குது?"

"அதை நீங்க கேமரா டாக்டரைத்தான் கேக்கணும்" என்று சிரித்துவிட்டு அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார். அவசரத்தில் பார்த்திருப்பார்கள், தர்மபுரிக்குப் போய்ப் பெரிய மெஷினில் பார்க்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது ராஜண்ணனுக்குப் பிடிவாதம். நல்ல சேதியை நம்ப இத்தனை கஷ்டப்படும் ஆளை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஸ்டூடியோவுக்குள் நுழையும்போது அண்ணி உள்ளே இருந்தார். மருந்து விட்ட கண் வெளிச்சம் தாங்காமல் ராஜண்ணன் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு படியேறினார். அண்ணி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவ்வளவுதான், எல்லாம் வெளியே வந்துவிட்டது.

அண்ணி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை, எரிந்து விழுந்தார். "ஊர்ல இருக்கற பொண்ணோட அம்மா மூஞ்சியெல்லாம் உத்து உத்துப் பாக்கறீங்க. எம்மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த சொல்லத் தோணலயா உங்களுக்கு?"

அதே வேகத்தில் கேமராவைப் பையிலிருந்து எடுத்தார். "எங்க, என்னா தெரியலைன்னு நானும் பாக்கறேன்" என்று துளையில் கண்ணை வைத்தார்.

"ஏங்க, எனக்கும் மசமசன்னுதான தெரியுது!"

"உனக்குப் பாக்கத் தெரியாது."

நான் வாங்கிப் பார்த்தேன். உள்ளே இருந்த எண்கள் எல்லாம் தண்ணீருக்கடியில் கிடக்கிற மாதிரி கலங்கலாக இருந்தன. "எனக்கும்தாங்கண்ணா. மூணு பேருக்கும் ஒரே நேரத்துல கண்ணு போயிருச்சாக்கும்?"

ராஜண்ணன் கேமராவை வாங்கினார். துளைக்குப் பக்கவாட்டில் கட்டை விரலால் தடவினார். கடுகளவுக்குக் கொஞ்சம் பெரிதாக அங்கே ஒரு சக்கரம். பார்ப்பவர் கண்ணுக்கேற்ப வியூஃபைண்டரைத் தெளிவாக்குவதற்கான சக்கரம் அது. கேமரா வாங்கிய அன்று ஒரு தடவை சரிசெய்ததோடு அவர் அதைத் தொட்டதே இல்லை. இப்போது அது ஒரேயடியாகக் கடைசிவரை திரும்பிக் கிடந்தது. அதன் பல்லில் மஞ்சளாக என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். சந்தனம்.

அண்ணியின் குரல் இறங்கிவிட்டது. "பொட்டு வெச்சப்ப அதுக்குள்ள பூந்துக்கிச்சுங்க. போகவே மாட்டேன்னுச்சு. துணிய வெச்சு நல்லாத் திருகித் திருகித் தொடச்சேன். ஏங்க, அதத் திருகக் கூடாதா?"

ராஜண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார். அப்புறம் தோள் குலுங்கியது. அது சிரிப்பில்லை என்று எனக்குப் புரிய சற்று நேரமாயிற்று. இத்தனை வருஷம் கேமராவோடு குடித்தனம் நடத்தியவருக்கு அந்தச் சக்கரம் ஞாபகத்துக்கு வராமல் போனதே என்று கேட்க வாயெடுத்தேன். அப்பாவின் கண்ணையே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு வேறெது ஞாபகத்துக்கு வரும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

"திருப்பு நிர்மலா. எழுத்து தெளியற வரைக்கும் திருப்பு. எனக்கு இப்ப மருந்துல ஒண்ணுந் தெரியாது."

அண்ணி துளையில் கண்ணை வைத்துச் சக்கரத்தைத் திருப்பினார். "ஆங், வந்திருச்சு, வந்திருச்சு!"

நான் அலமாரிக்கு மேலிருந்த பார்சலை இறக்கி, ஆல்பம் வெட்டும் கத்தரியால் ஒட்டுப்பட்டையை அறுத்தேன். ராஜண்ணன் பார்க்காமலே கைப்பழக்கத்தில் அடாப்டரை மாட்டி ரஷ்ய லென்ஸைத் திருகினார். "எம்மூஞ்சிக்கு நேரா வெச்சுக்கிட்டு, வளையத்த மெதுவா ஓட்டு. கண்ணு தெளிஞ்சதும் அமுக்கு."

அண்ணி வாழ்க்கையில் கேமராவைத் துடைத்திருக்கிறாரே தவிர எடுத்ததில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வளையத்தை ஓட்டினார், கொஞ்சம் தாண்டிப் போனார், திரும்ப வந்தார், அமுக்கினார்.

படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாகப் போட்டோம். ராஜண்ணன் எவ்வளவு தள்ளி நின்றும் அவருக்குப் பிடிபடவில்லை. "ஷார்ப்பா இருக்குதா?" என்று கேட்டார்.

"எதுங்க?"

"கண்ணு. வலது கண்ணு."

அண்ணி திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "எமை முடி ஒண்ணொண்ணாத் தெரியுதுங்க. உள்ள நானே தெரியறேன்."

அப்போதுதான் ராஜண்ணனுக்கு நம்பிக்கை வந்தது. அங்கே நின்றபடியே பெங்களூர்க்காரரைக் கூப்பிட்டு, மன்னிக்கணும், லென்ஸ் தருவதற்கில்லை என்றார். அடுத்த போன் கோவிந்தம்மாளுக்கு. அந்த அம்மா அவ்வளவு சுலபத்தில் விடவில்லை, திட்டி முடித்துவிட்டுத்தான் சரி என்றார். தை மாதம் கோவிந்தம்மாள் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கிய நொடியில் விழுந்த படத்தைக் கடைவீதியே பார்த்தது.

அண்ணி எடுத்த படம் ஸ்டூடியோ வாசலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. கருவிழி விரிந்து, கன்னம் நனைந்து, தலை கலைந்து உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். கடை வாசலில் மாட்டுகிற மூஞ்சியா இது என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். ராஜண்ணன் படிக்கிற கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சந்தனத்திலிருந்து சக்கரம் வரைக்கும் மொத்தக் கதையையும் சொல்கிறார். ஒருத்தரிடமும் சொல்லாமல் மூடி வைத்திருந்தவர், இப்போது ஆதார் போட்டோவுக்கு வருகிறவர்களைக்கூட விடுவதில்லை. நடுவில் ஒரு சுவர்தானே, தினமும் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. இருந்தாலும் ஒரு நாள் அந்தக் குரல் கேட்காவிட்டால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.