தறி ஜன்னலில் மூன்று கள்ளிகள்

1. ஓரிக்கை போகும் வழியில் இருக்கும் நர்சரியில், உள்ளங்கையில் அடங்கும் மூன்று கள்ளிச் செடிகள் வாங்கினேன்.
2. எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் வருவது தறி அறையில் மட்டும்தான். அந்த ஜன்னலில் வைத்தேன்.
3. கோடையில் முதல் செடி அடியில் பழுப்பாகி, தொட்டதும் கொழகொழவென்று சரிந்தது.
4. இரண்டாவதும் அப்படியே போனது.
5. மூன்றாவதன் அடியிலும் நிறம் மாறத் தொடங்கியது.

அந்த ஒன்றையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்றிருந்தது. எங்கள் வீட்டில் வெளிச்சம், இடம், சாப்பாட்டு நேரம் எல்லாமே தறியைப் பார்த்துத்தான் அமையும். தறிக்குச் சம்பந்தமில்லாமல் நானாக உள்ளே கொண்டுவந்தவை அந்தத் தொட்டிகள் மட்டுமே.

அம்மாவுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. "அவங்கவங்க வீட்டுப் பொண்ணு ரோஜா வாங்கிக்கினு வருது. இது முள்ள வாங்கிக்கினு வந்து நிக்குது. வாசல்ல கட்டும்மா, திருஷ்டிக்காவது ஆவும். உள்ள வெக்காத."

தறியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் கவலை வேறு. "பாவுல முள்ளு மாட்டுனா இழை அறுந்துடும். ஓரமா வெச்சிக்கோ" என்றார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு இழைகள். அவர் சொன்னதை அனுமதியாகவே எடுத்துக்கொண்டேன்.

மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. செடிக்கும் அதையே செய்தேன். மண்ணில் மணல் போதுமானதாக இருந்தது. தொட்டியின் அடித்துளை அடைக்கவில்லை. மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர் விட்டேன். அப்படியும் அழுகியது.

வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஒருநாள், கணினியோடு தறி அறையில் உட்கார்ந்திருந்தேன். பட்டு காய்ந்தால் அறும். அதனால் வெயில் காலத்தில் தறியைச் சுற்றித் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கு விரிப்பார்கள். பிறந்ததிலிருந்து அந்தக் காற்றிலேயே வளர்ந்ததால், அந்த ஈரம் என் கணக்கில் வரவே இல்லை. அப்பா சாக்கை நனைத்தார். சொம்பில் மிச்சமிருந்ததைச் செடித் தொட்டியில் ஊற்றினார்.

"அப்பா, தினமும் ஊத்துறீங்களா?"

"பின்ன? பட்டுக்கே தண்ணி தெளிக்கிறேன், அது மட்டும் வாயப் பாத்துக்கினு இருக்குமா?"

"அதுக்கு ஈரமே ஆவாதுப்பா. அந்த ரெண்டும் அதனாலதான் போச்சு."

"தண்ணி வேணாம்னா அது என்னாத்துக்குச் செடி? ஒரு கல்ல வாங்கி வெச்சிருக்கலாமே" என்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றது. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லத் தோன்றவில்லை. என் செடியை இந்த வீட்டில் இன்னொருவர் கவனிப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

அன்று மாலை செடியை வெளியே எடுத்தேன். பாதி வேர் கறுத்திருந்தது. கத்தியைச் சுத்தம் செய்து, உள்ளே வெளிர்ப்பச்சை தெரியும்வரை அழுகலை வெட்டினேன். வேரே மிஞ்சவில்லை. "ஆபரேஷனா? டாக்டரம்மா, பொழைக்குமா?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள். வெட்டிய இடம் காய்ந்து தோல் போலாகட்டும் என்று செய்தித்தாளில் சுற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.

பிறகு எங்கே வைப்பது? தறி அறையின் ஈரத்தை நிறுத்த முடியாது. தறியில் ஒரு முகூர்த்தப் புடவை பாதியில் இருந்தது. மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு, காலையில் மட்டும் வெயில் வரும். ஆனால் அது முழுக்க ஜரிகைப் பெட்டிகள். நான் கேட்கவில்லை. மறுநாள் பார்த்தபோது பெட்டிகள் அப்பாவின் கட்டிலுக்கடியில் இருந்தன.

செடி இப்போது அந்த ஜன்னலில், காய்ந்த மணலில் நிற்கிறது. பழுப்பு மேலே ஏறவில்லை. வேர் விட்டதா தெரியாது, அசைத்துப் பார்க்கவில்லை. அம்மா இன்னும் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் படியில் ஏறுகிறாள். தண்ணீர் விடுவது நான் மட்டும்.