பிள்ளையார் சுழிக்குக் கீழே ஒரு கோடு

எனக்குக் கோபம் வந்தால் வெண்கட்டி பறக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, நெடுங்கேணிப் பக்கத்தில் என்னிடம் கணிதம் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. முள்ளியவளையில் என் வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்குத் தேத்தண்ணிக் கோப்பையோடு இருக்கும்போது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் கத்திக்கொண்டு போவார்கள். அந்தச் சத்தம் கேட்டவுடன் எனக்குக் கால் பரபரக்கும். எங்கே போவது? எனக்கு இப்போது வகுப்பு இல்லை. பேசாமல் இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடிப்பேன். அப்படி இருக்கிற நேரங்களில் அடிக்கடி ஞாபகத்துக்கு வருவது ஒரு வெள்ளிக்கிழமை.

அதற்கு முதல் என் தோளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மாரிகாலம், ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது மாடு ஒன்று குறுக்கே வந்தது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வலது தோள்மூட்டு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலும் காட்டினேன், எண்ணெய் பூசிப் பத்தும் போட்டேன். கடைசியில் கை நெஞ்சு மட்டத்துக்கு எழும்பியது. அதற்கு மேலே எழும்பமாட்டேன் என்று நின்றுவிட்டது.

கணித ரீச்சருக்குக் கை எழும்பாவிட்டால் என்ன செய்வது? கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினேன். பின்வாங்கில் இருந்த பிள்ளைகள் எழும்பி நின்று எட்டிப் பார்த்து எழுதினார்கள். இடது கையாலும் முயன்று பார்த்தேன். நான் போட்ட நாலை அரை வகுப்பு ஒன்பது என்று எழுதியது. ஒரு நாள் பள்ளிக்கூட விறாந்தையால் நடந்து வரும்போது வகுப்புக்குள்ளே ஒரு குரல், "டேய், அரைப்பலகை ரீச்சர் வாறா!" என்றது. "ஆரடா அது?" என்று கத்திக்கொண்டு உள்ளே போனேன். கத்தினேனே தவிர, அது என்னைச் சுட்டது.

கொஞ்ச நாளில் அதிபர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். பயந்த மனிதரும்கூட.

"ரீச்சர், கோவிக்காதேங்கோ. வலயக் கல்வி அலுவலகத்திலை ஒரு இடம் இருக்காம். கதிரையிலை இருந்து ஃபைல் பாக்கிற வேலை. உங்களுக்கும் சுகம்."

"எனக்கென்ன சுகம்? பிள்ளையள் இல்லாத இடத்திலை நான் ஆரை ஏசுறது?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த தவணை மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார், என் வகுப்பில் இருந்து பார்ப்பார், பிறகு முடிவு செய்வார் என்று சொன்னார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் கல்யாணம் கட்டவில்லை. எனக்கென்று இருந்தது அந்த வகுப்பறைதான். அதையும் எடுத்துவிட்டால் நான் ஆர் என்று எனக்கே விளங்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு டெப், அதுதான் கையடக்கத் தொடுதிரைக் கணினி, இருந்தது. வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் அனுப்பியது. எழுதுவதற்கு ஒரு பேனாவும், எழுதுவதைச் சுவரில் பெரிதாகக் காட்ட ஒரு மல்ரிமீடியாவும் கூட வந்தன. வந்த அன்றே அதிபர் மூன்றையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "பழுதாப் போனால் ஆர் பதில் சொல்லுறது?" என்பது அவருடைய கேள்வி. வாணி விழாவுக்கு மட்டும் வெளியே எடுத்து, சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, மறுபடி பூட்டுவார். அந்த டெப் ஒரு வருடத்தில் கண்ட வெளிச்சம் அந்தக் கற்பூர வெளிச்சம்தான்.

அதைப் பற்றி எனக்குச் சொன்னவர் கணினி பாடத்துக்கு வந்த இளம் ஆசிரியர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டு முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. நான் அரைப்பலகையோடு மல்லுக்கட்டுவதை யன்னலால் பார்த்திருக்கிறார். "ரீச்சர், நீங்க எதுக்குக் கையத் தூக்குறீங்க? மேசையில வச்சு எழுதுங்க. செவத்துல பெருசாத் தெரியும்" என்றார்.

நேரே அதிபரிடம் போனேன். "பொட்டு வைக்கிறதுக்கோ சேர் அந்தப் பிள்ளையள் இதை அனுப்பினவை?" என்று கேட்டேன். அவர் அலுமாரித் திறப்பை எடுத்துத் தந்தார்.

முதல் கிழமை நான் பட்ட பாடு! கண்ணாடியில் பேனா வழுக்கிக்கொண்டு போனது. நான் எட்டுப் போட, அது கத்தரிக்காய் மாதிரி வந்து நின்றது. கையை ஊன்றினால் கோடு விழும், ஊன்றாவிட்டால் எழுத்து ஆடும். இளம் ஆசிரியர் பொறுமையாகப் பக்கத்தில் நின்றார். நான் அவரையும் ஏசினேன், டெப்பையும் ஏசினேன். மூன்றாம் கிழமை கை படிந்தது. பத்தாம் தரத்தில் முதன்முதலாக அதில் எழுதியபோது, என் எழுத்து சுவர் முழுக்க விரிந்தது. பின்வாங்கில் ஒருவரும் எழும்பவில்லை. எனக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது. அன்று ஒருவரையும் ஏசாமல் பாடம் முடித்தேன், பிள்ளைகள்தான் பயந்துபோனார்கள்.

அதிகாரி வருவதற்கு முதல்நாள், இளம் ஆசிரியர் எனக்கு ஒரு புது வித்தை காட்டினார். கையால் ஒரு கணக்கை எழுதி ஓரத்தில் ஓர் இடத்தைத் தொட்டால், டெப் அதை அச்செழுத்தாக மாற்றி விடையையும் போட்டுவிடும். அவர் எழுதிக் காட்டினார், அச்சொட்டாக விடை வந்தது. "நாளைக்கு இதைக் காட்டுறன் பாருங்கோ, அவர் மலைச்சுப் போவார்" என்றேன். அடக்கமாக எழுதிவிட்டு இருந்திருக்கலாம். பெருமை காட்டுகிற எழுப்பம் ஆரை விட்டது?

வெள்ளிக்கிழமை நண்பகல் அதிகாரி வந்து பின்வாங்கில் அமர்ந்தார். மடியில் ஒரு கொப்பி. அதிபர் வாசலில் நின்றார். இளம் ஆசிரியர் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். போகவேண்டாம் என்று சொல்கிற கதையா அது? செங்கோண முக்கோணி ஒன்று கீறி, பக்கங்கள் ஆறு, எட்டு என்று போட்டு, செங்கோணத்துக்கு எதிரே இருக்கிற செம்பக்கத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று விளங்கப்படுத்தினேன். நன்றாகவே போனது. பிறகு வித்தையைக் காட்டுவோம் என்று புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தேன்.

புதுப் பக்கம் என்றால் எனக்கு முதலில் பிள்ளையார் சுழி. ஒரு உ, அதற்குக் கீழே நீளமாக ஒரு கோடு. அரிவரியில் பழகியது, கடைச் சிட்டை எழுதினாலும் போடாமல் விடமாட்டேன். அதைப் போட்டு, கோட்டுக்குக் கீழே ஆறின் வர்க்கம் சக எட்டின் வர்க்கம் என்று எழுதினேன். இரண்டையும் கூட்டினால் நூறு வரவேண்டும். ஓரத்தைத் தொட்டேன்.

0.02 என்று வந்தது.

வகுப்பு ஒருமுறை மூச்சை இழுத்தது. "பொறுங்கோ, பொறுங்கோ" என்று சொல்லி இன்னொரு பக்கம் திறந்தேன். பிள்ளையார் சுழி, கோடு, கணக்கு. மறுபடி 0.02. மூன்றாம் முறை பிள்ளையாரை இன்னும் பக்தியோடு, இன்னும் பெரிதாகப் போட்டேன். 0.02. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதை நான் சுவர் அளவுக்குப் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தேன். அதிகாரி குனிந்து கொப்பியில் ஏதோ எழுதினார். வாசலில் இருந்து அதிபர், "ரீச்சர், மெசினை விட்டிட்டுக் கையாலை செய்யுங்கோ" என்று கிசுகிசுத்தார். எனக்கு வலய அலுவலகத்தின் ஃபைல் தட்டுகள்தான் கண்ணுக்குள் வந்தன. இனி இந்தப் பிள்ளைகள் எனக்கு இல்லை என்று நினைத்தேன்.

அப்போது மூன்றாம் வாங்கில் ஒரு பிள்ளை எழும்பியது. அதனுடைய ஆட்கள் மலையகத்திலிருந்து வந்து காட்டோரத்தில் காணி வெட்டிக் குடியேறியவர்கள். வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் 'ரீச்சர்' என்னும்போது அவள் மட்டும் 'டீச்சர்' என்பாள். அதற்காகவே கேலி செய்வார்கள். அதனால் வாயே திறக்கமாட்டாள்.

"டீச்சர், அது பிழையாச் செய்யல. நீங்க எழுதினதத்தான் செஞ்சிருக்கு."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"பிள்ளையார ரெண்டுன்னு நெனச்சிருச்சு டீச்சர். கீழ கோடு இருக்கில்ல, அதனால பின்னமாயிருச்சு. மேல ரெண்டு, கீழ நூறு."

நான் சுவரைப் பார்த்தேன். ஐயோ, உண்மைதான். என்னுடைய பிள்ளையார் தொகுதியில் போய்க் குந்தியிருந்தார், என் கணக்கு முழுவதும் பகுதியில் கிடந்தது. வகுப்பு வெடித்துச் சிரித்தது. "அப்ப பிள்ளையாரை அழியுங்கோ ரீச்சர்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"வாயைப் பொத்தடா!" என்றேன். அந்தப் பேனாவின் பின்பக்கத்தால் தேய்த்தால்தான் எழுத்து அழியும். பிள்ளையாரைப் பேனாவின் பின்பக்கத்தால் தேய்க்கவா? எனக்குக் கை வரவில்லை.

"சாமிய அழிக்க வேணாம் டீச்சர்" என்றாள் அந்தப் பிள்ளை. "கோட்ட மட்டும் அழிங்க."

கோட்டை மட்டும் அழித்தேன். ஓரத்தைத் தொட்டேன். நூறு வந்தது. மேலே பிள்ளையார் இரண்டாக மாறி, ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் தன்பாட்டில் இருந்தார்.

அதிகாரி எழும்பி அந்தப் பிள்ளையிடம் போனார். "ரெண்டை நூறாலை பிரிக்க இதுதான் வரும் எண்டு உடனை எப்பிடித் தெரிஞ்சது?" என்று கேட்டார்.

"டீச்சர் போன வருசம் படிச்சுக் குடுத்தாங்க சேர். அப்ப பலகையில கீழ எழுதுவாங்க, நாங்க எழும்பி நின்னு பாப்போம். கால் வலிக்கும். அதனால மறக்காது."

அவர் கொப்பியை மூடினார். பிறகு வாசலில் நின்ற அதிபரைப் பார்த்து, "ரீச்சரை ஒரு இடமும் மாத்தத் தேவையில்லை. அவா இஞ்சையே இருக்கட்டும்" என்றார்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். "என்ன கைதட்டு? கோயில் திருவிழாவோ நடக்குது?" என்று ஏசத் தொடங்கினேன். ஏச்சு பாதியிலேயே நின்றுவிட்டது.

கரும்பலகையில் படிப்பித்த காலம் முழுவதும், வகுப்பில் எனக்குச் சிரிப்பு வந்தாலும் அழுகை வந்தாலும், சட்டென்று பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி எதையாவது எழுதத் தொடங்கிவிடுவேன். திரும்பி வரும்போது முகம் சரியாகிவிடும். அப்படி இருபத்தேழு வருடம் ஒரு பிள்ளைக்கும் தெரியாமல் சமாளித்துவிட்டேன். டெப்பில் எழுதுகிறவள் வகுப்பைப் பார்த்துத்தான் இருக்கவேண்டும், திரும்புவதற்கு இடமில்லை. நாற்பது பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, நான் கதிரையில் இருந்தபடியே அழுதேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, பிள்ளையாரை அழிக்கச் சொல்லிக் கத்தியவன் எழும்பி நின்றான்.

"ரீச்சர்," என்றான் மெதுவாக, "வர்க்கமூலம் இன்னும் எடுக்கேல்லை."

"ஓம், எடுக்கேல்லை" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எல்லாரும் பார்க்கப் பேனாவை எடுத்துப் பத்து என்று எழுதினேன்.