கண்டக்டர் அண்ணன் சொன்ன கடைசிப் பக்கம்

மைதாப் பசை வாசம்... அதோட லேசா துருப்புடிச்ச ஸ்டேப்ளர் பின்னோட வாசம். வாராவாரம் பத்திரிகையிலேருந்து தொடர்கதைப் பக்கத்தைக் கிழிச்சு சேத்துவெச்சு, கதை முடிஞ்சதும் காலிகோ அட்டை போட்டு பைண்ட் பண்ணுவோமே... அந்தப் புக்கைத் தொறந்தா வர்ற வாசம். ஞாபகம் இருக்கா ஃப்ரெண்ட்ஸ்?

நேத்து குரூப்ல "மறக்க முடியாத சரித்திரக் கதை எது?"ன்னு கேட்டிருந்தீங்க. ஆளாளுக்கு எழுதித் தள்ளிட்டீங்க. என்னோடது கொஞ்சம் வில்லங்கமான கேஸு. கேளுங்க.

அப்ப நான் அரியலூர்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல டைப்பிஸ்ட். வரதராஜன்பேட்டையிலேருந்து தெனமும் பஸ். அதே பஸ்ல வர்றவங்க ரெஜினா அக்கா, நர்ஸு. மூணு வருஷம், ஒரு வாரம் விடாம சேத்து பைண்ட் பண்ண சோழர் காலத்துக் கதை ஒண்ணு அவங்ககிட்ட இருந்துச்சு. தலகாணி சைஸு. யாருக்கும் தர மாட்டாங்க. ஆறு மாசம் கெஞ்சி, சீட்டு புடிச்சுக் குடுத்து, ஒருவழியா வாங்குனேன்.

"ஏ புள்ள, ஒரு பக்கம் மடங்கியிருந்தாலும் அடுத்த புக் கெடையாது, பாத்துக்க. திங்கக்கெழம கைக்கு வந்தாவணும்."

அவங்ககிட்ட அது மாதிரி இன்னும் பதினோரு புக் இருந்துச்சு. நான் வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்கு லைப்ரரி பூட்டியிருக்கும். கதைக்கு எனக்கு வேற நாதி கெடையாது.

சோறு தண்ணி இல்லாம படிச்சேன். தளபதி மாறவேள் தன்னந்தனியா கோட்டை வாசல்ல நிக்கிறான். நான் பாத்த ஒரே கோட்டை ரஞ்சன்குடிதான், அதனால என் மனசுல அங்கதான் நின்னான்! (சோழனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு யாரும் கிளம்பி வராதீங்க, எனக்கும் தெரியும்.) எதிர்ல அத்தனை பெரிய படை... பக்கத்தைத் திருப்புனா... கடைசித் தாளே இல்ல. கத்திரிக்கோல் போட்ட தடம் மட்டும் இருக்கு.

எங்கம்மா வேலை. அந்தத் தாளோட பின்பக்கம் மோர்மொளகா போடுற செய்முறை இருந்துச்சாம். வெட்டி எடுத்து, அலமாரிக் கதவுல சோத்துப் பருக்கை வெச்சு ஒட்டிட்டாங்க.

"யம்மா, அது கதைம்மா!"

"அந்தப் பக்கம் என்ன இருந்துச்சுன்னு நான் என்னடி கண்டேன்? இந்தப் பக்கம் மொளகா இருந்துச்சு."

தண்ணி தொட்டு உரிச்சுப் பாத்தேன். தூள்தூளா வந்துச்சு. தளபதியும் போச்சு, மொளகாவும் போச்சு.

மறுநாள் வெள்ளிக்கெழம. ரெஜினா அக்காவுக்கு அந்த வாரம் நைட் டூட்டி, பஸ்ல வரல. நான் அழுது வீங்குன மூஞ்சியோட உக்காந்திருக்கேன். கண்டக்டர் செல்வராசு அண்ணன் பாத்துட்டாரு.

"என்ன தங்கச்சி, வூட்டுல எதும் பிரச்சனையா?"

சொன்னேன். மனுஷன் டிக்கெட் கட்டை அக்குள்ல இடுக்கிக்கிட்டு, "மாறவேள் கதையா? டீக்கடையில வாராவாரம் படிச்சு அத்தனையும் மனப்பாடம். சொல்றேன், எழுதிக்கிறியா?"ன்னாரு.

எழுதிக்கிறியாவா! நான் ஷார்ட்ஹேண்ட் பாஸ் பண்ணவ. நோட்டு அப்பவே மடியில.

"அப்ப தளபதி வாளை உருவி... ஜெயங்கொண்டம் எறங்குறவங்கெல்லாம் முன்னாடி வாங்க... ம், எங்க வுட்டேன்?"

"வாளை உருவி, அண்ணே."

குலுங்குற பஸ்ல கோடு கோடா கிறுக்குனேன். ஒரு பக்கக் கதை, அண்ணன் வாயில மூணு ட்ரிப் ஓடுச்சு. ரெண்டாவது ட்ரிப்ல பக்கத்து சீட்டுக்காரங்க காது குடுத்தாங்க. மூணாவது ட்ரிப், சனிக்கெழம காலையில, பஸ்ஸே கம்முனு கேக்குது. டிரைவர், "சத்தமா சொல்லுய்யா, இங்க ஒண்ணும் கேக்கல"ங்கறாரு. காய்கறிக் கூடையோட வந்த ஒரு அம்மா ஸ்டாப்பை வுட்டுட்டாங்க. "தளபதி பொழச்சான்ல, போவட்டும்"னு அடுத்த ஸ்டாப்புல எறங்கி திரும்பி நடந்தாங்க.

அன்னிக்கு மத்தியானம் வக்கீல் சார் சாப்பிடப் போன நேரம் பாத்து ஆபீஸ் மெஷின்ல அடிச்சேன். இருந்தது லீகல் சைஸ் பேப்பர்தான். புக்குல ஒட்டுனா நாக்கு மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது.

திங்கக்கெழம பஸ்ல எல்லாத்தையும் ஒப்புக்கிட்டு புக்கை நீட்டுனேன். ரெஜினா அக்கா படிச்சாங்க. மறுபடியும் படிச்சாங்க. நிமிந்து பாத்து, "இதுல தளபதி சாவலயே!"ன்னாங்க.

பஸ் மொத்தமும் கண்டக்டரைப் பாத்துச்சு.

"கதையில செத்துட்டான் சிஸ்டர்," அண்ணன் டிக்கெட் கிழிக்கிற மாதிரியே தலைய குனிஞ்சுக்கிட்டாரு. "மூணு வருஷம் கூடவே வந்தவன்... என் வாயால சாவடிக்க மனசு வரல. அதான் சுரங்கத்துல எறக்கி வுட்டுட்டேன்."

போச்சு, பதினோரு புக்கும் போச்சுன்னு நெனச்சேன்.

அக்கா நிமிந்து அண்ணனையே பாத்தாங்க. அப்புறம் முந்தானையால கண்ணைத் தொடச்சாங்க. "அவன் செத்த வாரம் டூட்டி ரூம்ல உக்காந்து நான் எப்படி அழுதேன் தெரியுமா? நல்ல காரியம் பண்ண போ. உசுரோடயே இருக்கட்டும்."

ஒரே கைத்தட்டு, விசிலு! டிரைவர் ஹார்னை அமுக்குனாரு பாருங்க... ரோட்டோரம் நின்ன ஆடெல்லாம் தெறிச்சு ஓடுச்சு.

"அடுத்த புக்கு எப்பக்கா?"

"நாளைக்கே கொண்டாறேன். உங்கம்மா கண்ணுல மட்டும் காட்டிடாத."

பதினொண்ணையும் படிச்சு முடிச்சேங்க!

இப்ப நம்ம குரூப்ல எந்தப் பக்கம் கேட்டாலும் ரெண்டு நிமிஷத்துல பிடிஎஃப் வந்து வுழுது. நல்ல விஷயந்தான், நானும் வாங்கிப் படிக்கிறேன். ஆனா ஒருத்தன் பொழைப்பானா மாட்டானான்னு ஒரு பஸ்ஸே மூச்சு விடாம உக்காந்திருந்துச்சே... அந்த சுகம் தனியா படிக்கிறப்ப வர மாட்டேங்குது.

போன வாரம் ஒரு புண்ணியவான் அந்தத் தொடரோட ஒரிஜினல் கடைசிப் பக்கத்தைத் தேடிப் புடிச்சு எனக்கு அனுப்பியிருந்தாரு. கோச்சுக்காதீங்க சார்... தொறக்காமயே டெலீட் பண்ணிட்டேன். எங்க பஸ்ஸைப் பொறுத்தவரைக்கும் மாறவேள் சாவல.