இடக்கை வெட்டு

“இருக்கறத வெட்டுங்க” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்வார் கத்திரி அக்கா. தலையில் இருப்பது விரற்கடை அளவு முடி. இதில் எதை வெட்டுவது என்று கடைக்காரப் பெண் தடவித் தடவிப் பார்ப்பாள். அக்கா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதில்லை. கத்திரி எந்தக் கையில் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பார். வலது கை என்றால் முகம் தொங்கிவிடும். மூன்று மாதத்துக்கு முன் இடுப்புக்குக் கீழே கிடந்த கூந்தலை இப்படிப் பத்துக் கடைகளில் தொலைத்திருக்கிறார்.

இத்தனைக்கும் அவருக்கும் அதே தொழில்தான். பதினெட்டு வருடமாகச் சொந்தக் கடை. இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஓயாத வாய். வருகிறவர் தலையைப் பார்த்தே போன தடவை எங்கே வெட்டினார் என்று சொல்லிவிடுவார். “ஸ்டேஷன் பக்கத்துக் கடைதான? நடுவுல போன் பேசியிருக்கான் பாருங்க, இங்க ஒரு பள்ளம்” என்பார். வந்தவர் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்ப்பார்.

அவருடைய வீட்டுக்காரர், வீடுவீடாகப் போய்க் குடிநீர் சுத்திகரிக்கும் மெஷின்களைப் பழுதுபார்ப்பவர். ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறும்போது மாரடைப்பு. ஆளும் மெஷினும் சட்டைப்பை போனும் சேர்ந்து உருண்டதில் மூன்றுமே பிழைக்கவில்லை.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்த அக்கா, கலைந்த முடியைக் கோதிவிட்டார். விரல் பின்னங்கழுத்துக்குப் போனதும் நின்றது. அழுகையும் அங்கேயே நின்றது. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். கடைசி முத்தம் கொடுக்கிறார் என்று நினைத்துச் சுற்றியிருந்தவர்கள் விசும்பினார்கள்.

“யாரு இவருக்கு முடி வெட்டுனது?”

“அண்ணி, இப்ப இதா முக்கியம்?” என்றார் நாத்தனார்.

அக்காவுக்கு இதுதான் முக்கியம். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தலையில் வேறு கை பட்டதில்லை. கடைசி ஆறு மாதம் மட்டும் கடையில் கூட்டம் அதிகம். “ஞாயித்துக்கிழமை வெட்டுறேன்” என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். முடியும் வளர்ந்ததாகத் தெரியவில்லை. வயதாகிறது, வேர் செத்துவிட்டது என்று பயந்துபோய், எண்ணெய் காய்ச்சித் தினமும் தானே அழுத்தித் தேய்த்துவிட்டார். அந்த மகானுபாவரும் ஒரு வார்த்தை பேசாமல் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இடது கைக்காரி. விளிம்பு வலப்பக்கமா ஏறியிருக்கு” என்று நாத்தனாரிடம் துப்புச் சொன்னார். “முடி வெட்டுற மெஷினே வைக்கல. ஒவ்வொரு இழையாப் பிடிச்சு, அவசரமே இல்லாம வெட்டியிருக்கா. தொழில் தெரிஞ்ச கைதான். ஆனா கடையில அடுத்த ஆள் காத்திருக்கும்போது எவளும் இப்படி வெட்ட மாட்டா. வீட்டுல உக்கார வெச்சு வெட்டியிருக்கா.”

“ஆம்பளையா இருக்கக் கூடாதா அண்ணி?”

“எந்த ஆம்பள காதுக்குப் பின்னாடி ஊதி விடுவான்? ஒரு தூசி முடி இல்ல அங்க.”

அவளைத் தேடிக் கடை கடையாகத் தலையைக் கொடுப்பானேன், வாசலில் நின்று எட்டிப் பார்த்தாலே கை தெரிந்துவிடுமே என்று நாத்தனார் யோசனை சொன்னார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “எந்தக் கைன்னு தெரியும். அந்தக் கைதானான்னு என் கழுத்துல பட்டாத்தான் தெரியும்.”

தன் கடையில் வேலை செய்துகொண்டே, அகப்படப் போகிறவளிடம் கேட்க வேண்டியதை ஒத்திகை பார்ப்பார். “உனக்கு வேற தலையே கெடைக்கலையாடி?” என்று சவரக்கத்தியோடு அவர் அதட்டியதில், நாற்காலியில் இருந்த வங்கி மேலாளர் பாதி மீசையோடு எழுந்து ஓடியிருக்கிறார். ஒருநாள் மட்டும் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “என்னவிட நல்லா வெட்டியிருக்கா” என்று சொல்லித் தேம்பித் தேம்பி அழுதார். அவர் மனதைப் போட்டு அறுத்தது அதுதான்.

போன செவ்வாய்க்கிழமை பதினோராவது கடை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை நாற்காலி. அங்கிருந்த பெண் இடது கையில் கத்திரியை எடுத்தாள். மெஷினைத் தொடவில்லை. இல்லாத முடியை இழை இழையாகப் பிடித்து வெட்டினாள். வெட்டி முடித்துக் காதுக்குப் பின்னால் மெதுவாக ஊதினாள். அக்காவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒத்திகை பார்த்த வசனம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

“கூசுதாக்கா?” என்று அவள் முந்திக்கொண்டாள். “எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் நெளிவாரு. அவருக்கு முடி காடு மாதிரி வளரும்க்கா. வாரத்துல ரெண்டு தடவ வெட்டுவேன். என்ன மாயமோ, அப்படி ஒரு வளர்ச்சி.”

அக்காவின் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்து போனது.

“தண்ணி மெஷின் ரிப்பேரு. ஊர் ஊராப் போற வேலை. மூணு மாசமா ஆளும் வரல, போனும் போகல. எம்மேல என்னமோ கோவம். வரட்டும், இந்நேரம் முடி தோள்ல தொங்கும்.” அவள் சிரித்துக்கொண்டே மறுபடியும் கத்திரியைக் காதருகே கொண்டுவந்தாள்.

அக்கா கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்தார். அந்த இடது கையிலிருந்த கத்திரியை மெல்ல வாங்கி, அவளுக்கு எட்டாத இடத்தில் வைத்தார். பிறகு அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.