ஆரோக்கியத்தின் சக்களத்தி

ஆரோக்கியத்துக்கு ஒரு சக்களத்தி உண்டு. பெண் அல்ல, நீடாமங்கலம் பக்கத்தில் அவர்கள் வயலை ஒட்டி ஓடும் வாய்க்கால்.

புருஷன் குழந்தைராஜ் பத்துப் பன்னிரண்டு வருஷம் குவைத்தில் ஒரு குடோனில் உழைத்துவிட்டு, படபடப்பும் தூக்கமில்லாத கண்ணுமாக ஊர் திரும்பியவன். வந்ததிலிருந்து விடிந்தால் மதகுக்குப் போய்விடுவான். தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு, பயிர் அசைவதையும் கொக்கு நிற்பதையும் பார்த்தபடி வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருப்பான். கொஞ்ச நாளில் படபடப்பு நின்றது. குறட்டை விட்டுத் தூங்கினான். வேறொருத்தியாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இவளுக்கு வயிறு எரிந்தது. காத்துக் கிடந்தவள் இவள், அவனைத் தேற்றியது அந்தப் பாழாய்ப்போன தண்ணீரா?

"அப்படி என்னதாங்க இருக்கு அங்க?"

"ஒண்ணுமில்ல ஆரோக்கியம். சும்மா உக்காந்தா மனசு அடங்குது."

"எம் பக்கத்துல உக்காந்தா அடங்காதாக்கும்."

அவன் சிரித்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டு மதகுக்குக் கிளம்பினான்.

தை மாதம் மேட்டூர் அணையை மூடினார்கள். வாய்க்கால் வறண்டது. போக்கிடமில்லாத குழந்தைராஜ் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, முருங்கைக்கீரை உருவிக் கொடுத்தபடி குவைத்துக் கதையெல்லாம் சொன்னான். கல்யாணமான புதிதில்கூட அவன் இவ்வளவு பேசியதில்லை.

ஆனியில் ஊரே மாதா கோயிலில் முழங்காலிட்டுத் தண்ணீருக்கு அழுதது. முக்காட்டுக்குள் ஆரோக்கியத்தின் மன்றாட்டு வேறு. "மாதாவே, இந்த வருஷம் மட்டும் அது வர வேணாம்." வயல்காட்டில் பிறந்தவள் வாயில் வருகிற வார்த்தையா இது? வந்தது.

தண்ணீர் வரவில்லை. குறுவைச் சாகுபடி போயிற்று. கூடவே குழந்தைராஜின் தூக்கமும் போயிற்று. உருவச் சொல்லிக் கீரையை நீட்டினாலே எரிந்து விழுந்தான்.

"வயலும் காஞ்சு கெடக்கு, நானும் காஞ்சு கெடக்கேன். பழைய மொதலாளி கூப்புடுறாரு, போயிட்டு வந்துடுறேன்."

அழுதும் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். ஆவணியில் விமானம் ஏறிவிட்டான்.

புரட்டாசியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நன்றாக நாலு திட்டு திட்டிவிட்டு வரலாமென்று போனாள். மதகில் உட்கார்ந்து காலை விட்டாள். சில்லென்றது. திட்ட வாயெடுத்தவள் அந்தச் சலசலப்பைக் கேட்டபடி அப்படியே இருந்துவிட்டாள். மூச்சு நிதானப்பட்டது. அடிப்பாவி, இதைத்தான் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாயா என்று கேட்டாள். மறுநாளும் போனாள்.

மடியில் செல்போன் அடித்தது.

"ஆரோக்கியம், வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா?"

சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

சத்தம் எழாதபடி காலைத் தண்ணீருக்குள் அசையாமல் வைத்துக்கொண்டு ஆரோக்கியம் சொன்னாள், "இன்னும் வரலைங்க."