பெரட்டில் கூப்பிடாத பெயர்

அந்தமான் தீவில், ஹட் பே என்கிற ஊரில் கொப்பரை போடும் எங்கள் மகளிர் குழுவுக்குப் பல வருடம் நான்தான் மேஸ்திரி. காலையில் பெண்களை வரிசையாக நிற்க வைத்து, பெயர் பெயராகக் கூப்பிட்டு வேலை பிரிப்பேன். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து எங்களைப் பெற்றவர்கள் கொண்டுவந்த வழக்கம் அது. பெரட்டு என்போம். பெயர் விழுந்தால்தான் அன்று வேலை.

குழுவில் ஒரு நார்வேக்காரியும் இருந்தாள், இங்ரிட். எங்கள் ஊர் சிவலிங்கம் கப்பல் வேலைக்குப் போன இடத்தில் கட்டிக்கொண்டு வந்தவள். காட்டோரம் தென்னை வைத்து, வீடு கட்டி, எங்களோடு உட்கார்ந்து தேங்காய் உடைத்தாள். தமிழும் இந்தியும் கலந்து பேசுவாள். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். என் கணக்கு தப்பு.

சிவலிங்கம் திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டான். அடக்கம் முடிந்த சில நாளிலேயே அவள் பெரட்டுக்கு வந்து நின்றாள். நான் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. துக்க வீட்டுக்காரியைப் பதினாறு முடியும்வரை வேலைக்குக் கூப்பிட மாட்டோம். அது நாங்கள் கொடுக்கிற மரியாதை. மறுநாளும் வந்தாள், அப்போதும் கூப்பிடவில்லை. ஏன் என்று யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை. வீடு வீடாக முறை வைத்துச் சோறு மட்டும் அனுப்பினோம்.

அடுத்த நாள் காலையில் ஜீப் ஓட்டுகிற மணி வந்து, இங்ரிட் பெட்டியோடு கப்பல் ஏறுகிற ஜெட்டியில் நிற்கிறாள் என்றான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பதினாறுகூட ஆகவில்லை, அதற்குள் ஓடுகிறாளே! பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்று கேட்டே விட்டேன்.

"நீங்கதானே அக்கா என் பேர வெட்டிட்டீங்க," என்றாள். "அவர் இல்லன்னா நான் இங்க யாரு?"

பதினாறு வழக்கத்தை அப்போதுதான் விளக்கினேன். கேட்டுக்கொண்டே அழுதாள்.

"வீட்ல தனியா உட்கார முடியல அக்கா. தேங்காயாவது உடைக்கிறேன்."

ஜஹாஸ், அதுதான் கப்பல், சங்கு ஊதிவிட்டது. வழக்கத்தைப் பார்த்தால் ஆள் போய்விடும். கப்பலேற நின்ற கூட்டம் வேடிக்கை பார்க்க, ஜெட்டியிலேயே எங்கள் பெண்களை வரிசைகட்டச் சொன்னேன். முதல் பெயராக அவளைக் கூப்பிட்டேன்.

"இருக்கேன்," என்றாள்.

மேஸ்திரியாகப் போகிற பெண்களுக்குச் சொல்கிறேன். ஒருத்திக்கு நல்லது நினைத்துத்தான் செய்கிறீர்கள் என்றாலும், அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இப்போது எங்கள் பெரட்டு கூப்பிடுவது இங்ரிட்தான். துக்க வீட்டுக்காரி யாராவது வந்து நின்றால், வேலைக்கு வருகிறாயா, வீட்டில் இருக்கிறாயா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போகிறாள்.