என் கல்யாணத்தோடு போன வயல்

வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் அரசாங்கத்தார் காணி கொடுத்தபோது எல்லோருக்கும் ஒரே அளவுதான் கொடுத்தார்கள். பக்கத்துக் காணிக்காரரும் எங்களைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து பாயும் பானையுமாக வந்தவர். நாலைந்து வருஷத்தில் அவர் உழவு மெசின் வாங்கினார். முற்பணத்துக்குக் கொழும்பிலிருந்த மைத்துனர் காசு அனுப்பினாராம். எங்களுக்கு அனுப்ப ஒருவரும் இல்லை. பிறகு ஊர் வயலையெல்லாம் அவரே உழுதார். கூலியை நெல்லாக அளந்து எடுத்தார்.

அவருடைய மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை காரில் வந்து இறங்கினார். அடுத்த வருஷம் என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் அந்தப் பந்தலில் சாப்பிட்டவர்கள்.

"பக்கத்து வீட்டில அப்பிடிச் செய்திருக்க, நாங்கள் சும்மா அனுப்பினால் பிள்ளையை அங்க ஆர் மதிக்கப் போகினம்?" என்றார் அம்மா.

அப்பாவை ஐயா என்றே கூப்பிடுவேன். ஐயா பக்கத்துக் காணிக்காரரிடமே போய்க் கடன் கேட்டார். மறுநாள் அவரே காசோடு வந்தார்.

"அண்ணை, யோசியாதேங்கோ. ரெண்டு போகம் உங்கட வயலை நான் செய்யிறன். பிறகு நீங்கள் எடுங்கோ."

அரசாங்கக் காணியை ஈடு வைக்க முடியாது என்பதால் எழுத்து ஒன்றும் இல்லை. ஆறு பவுண் சங்கிலியோடு நான் கண்டாவளைக்கு வாழப் போனேன்.

இரண்டாம் போகம் மழை பொய்த்தது. விளைச்சல் கடனுக்குக் காணாது என்றார் அவர். வீட்டில் அரிசி இல்லாமல் ஐயா அவரிடமே மேலும் கடன் வாங்கினார்.

ஒரு அறுவடைக்கு நான் வந்தபோது, எங்கள் வயலிலேயே ஐயா கூலிக்கு அரிவு வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது எங்கட வயலெல்லே?"

"ஓம் பிள்ளை. பேர் எங்கட பேர்தான்." நிமிராமலே சொன்னார்.

சங்கிலியை விற்று வயலை மீட்கலாம் என்று புகுந்த வீட்டில் கேட்டேன். "அது இந்த வீட்டுக்கு வந்த நகை," என்றார் மாமி. கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் ஐயா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டுச் செலவு முழுவதையும் பக்கத்துக் காணிக்காரரே பார்த்தார். பாடையைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர், உண்மையாகவே அழுதார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று அம்மா அவரிடம் கேட்டார்.

"தம்பி, இதுக்கு எத்தினை போகம்?"

"அதைப் பிறகு பாப்பம் அக்கா," என்றார் அவர்.